துப்தோ இழுப்பறை

சீட்டக்கா வீட்டில் படிக்கட்டே கிடையாது. தரையோடு தரையாக இரண்டு அறை, பின்னால் ஒரு குளியலறை, அவ்வளவுதான். ஆனால் மருத்துவமனைப் பதிவேட்டின்படி அவள் பதினாறு மாதங்களில் பதினோரு முறை படிக்கட்டில் உருண்டு விழுந்திருக்கிறாள். ஒரு மருத்துவர்கூட "எந்தப் படிக்கட்டும்மா?" என்று கேட்டதில்லை. கேட்டிருந்தால் இந்தக் கதையை நான் சொல்ல வேண்டியே வந்திருக்காது. கேட்காதவர்கள் மேல் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் உண்டு. அதைச் சொல்லிவிட்டே தொடங்குகிறேன்.

சீட்டக்கா என்கிற பெயர் அவள் செய்த வேலையால் வந்தது. பழைய கல்லூரி ஒன்றின் நூலகத்துக்கு மேல் மாடியில் ஒரு நீளமான அறை. அங்கே முப்பத்தோரு வருடமாகப் பண்டைக் கிரேக்க மொழிக்குத் தமிழில் ஓர் அகராதி தயாராகிக்கொண்டிருந்தது. யாருக்கு அது வேண்டும் என்று கேட்காதீர்கள். கல்லூரிக்காரர்களே கேட்பதை நிறுத்திவிட்டார்கள். அந்த மாடிக்குப் போக நாற்பத்திரண்டு படி. அதில் சீட்டக்கா ஒருநாளும் விழுந்ததில்லை.

அறையில் மூன்றே பேர். அகராதி ஐயாவுக்கு எழுபத்தொன்று. கிரேக்கப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், கொக்கு மாதிரி மெலிந்த மனிதர். செத்த மொழியில் ஓர் அசை பிசகினால் முகம் சுளிப்பார். எதிரே உட்கார்ந்திருப்பவர் தும்மினால் காதில் விழாது. புரூஃப் பார்க்கிற அம்மாவை எல்லோரும் புரூஃபம்மா என்பார்கள். வாய் கொஞ்சம் அதிகம், கண் அதைவிட அதிகம். மூன்றாவது ஆள் சீட்டக்கா. பன்னிரண்டாவது வரை படித்து, கையெழுத்து முத்து முத்தாக இருந்ததால் வேலைக்குச் சேர்ந்தவள். முதலில் கிரேக்க எழுத்துகளைப் படம் வரைவதுபோல வரைந்தாள். பத்து வருடத்தில் வாசிக்கவும் வந்துவிட்டது.

வேலை இதுதான். அஞ்சலட்டை அளவுக்கு ஒரு கெட்டிச் சீட்டு. இடது மூலையில் கிரேக்கச் சொல், அதன் கீழே தமிழில் பொருள், அதற்கும் கீழே அந்தப் பொருளைக் காட்ட ஒரு தமிழ் வாக்கியம். வலது மூலையில் தேதி முத்திரையும் வரிசை எண்ணும். சீட்டின் அடியில் ஒரு துளை. இழுப்பறையின் உள்ளே நீளவாக்கில் ஓடும் இரும்புக் கம்பி அந்தத் துளைகளைக் கோத்துப் பிடித்திருக்கும், ஒரு சீட்டும் கலையாது. ஐயாவிடம் சில பிடிவாதங்கள் உண்டு. தேதி இல்லாத சீட்டைக் கையால் தொட மாட்டார். எண் விழுந்த சீட்டைக் கிழிக்க விட மாட்டார். தப்பாக இருந்தால் ஒற்றைக் கோடு போட்டு அடித்துவிட்டு, படிக்கத் தெரிகிற மாதிரி உள்ளேயே வைக்க வேண்டும். "சரியா இருக்கறத மட்டும் வெச்சா அது இழுப்பறை இல்லம்மா, அலங்காரப் பொட்டி" என்பார். எடுத்துக்காட்டு வாக்கியமும் புத்தகத்திலிருந்து எடுத்ததாக இருக்கக் கூடாது. உயிருள்ள மனிதர் வீட்டில் பேசுவதாக இருக்க வேண்டும்.

சீட்டக்காவின் கணவன் லாரி டயர் கடை வைத்திருந்தான். தெருவில் விசாரித்துப் பாருங்கள், தங்கமான மனிதன் என்பார்கள். பள்ளிக்கூடத்துப் பெண்களின் சைக்கிளுக்குச் சும்மாவே பஞ்சர் ஒட்டிக் கொடுப்பான். வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணியில், பழைய ட்யூபை நீளமாக வெட்டிய ரப்பர் பட்டை ஒன்று தொங்கியது. டயர்க்காரனின் தங்க குணம் அந்த ஆணிவரைக்கும்தான்.

முதல் அடி கல்யாணமான மூன்றாம் மாதம். அண்ணனோடு தொலைபேசியில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். "யாரோட பல்லைக் காட்டிக்கிட்டிருந்த?" என்று கேட்டவன் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. விட்ட அறையில் கம்மல் காது மடலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. அப்புறம் அவனே பஞ்சு வைத்து ஒற்றினான், அவனே தேம்பித் தேம்பி அழுதான். அந்த அழுகையை அவள் ஐந்து வருடம் நம்பினாள். ஆறாவது வருடம் அவன் அழுவதையும் நிறுத்திவிட்டான்.

அப்படியே காலம் போய், அகராதி கிரேக்க நெடுங்கணக்கில் 'டவ்' என்ற எழுத்துக்கு வந்து சேர்ந்தது. ஒருநாள் காலை ஐயா கண்ணெல்லாம் பளபளக்க அவள் மேசைக்கு வந்தார்.

"இந்த வினைக்காக எத்தனை வருஷமாக் காத்துக்கிட்டிருந்தேன் தெரியுமா? துப்தோ. நான் அடிக்கிறேன். கிரேக்க இலக்கணப் புத்தகங்கள்ல மாதிரி வினையே இதுதாம்மா. ஆயிரத்தைந்நூறு வருஷமாப் பசங்க இதைத்தான் மனப்பாடம் பண்ணினாங்க. துப்தோ, துப்தெய்ஸ், துப்தெய். நான் அடிக்கிறேன், நீ அடிக்கிறாய், அவன் அடிக்கிறான்."

"வேற வினையே கெடைக்கலையாய்யா அவங்களுக்கு?"

ஐயா வாய்விட்டுச் சிரித்தார். "பிரம்பைக் கையில வெச்சுக்கிட்டே யோசிச்சிருப்பாங்க போல. இதுல வேடிக்கை என்னன்னா, அட்டவணையில இருக்கிற உருவங்கள்ல நெறைய எந்தக் கிரேக்கனும் வாயால சொன்னதே இல்ல. கட்டம் நெறையணுமேன்னு இலக்கணக்காரங்களே செஞ்சு வெச்சது. நெஜமாப் பேசினப்போ, ஒரு தடவை அடிச்சு முடிச்சதுக்கு வேற வினை. அடிபட்டதுக்கு இன்னொரு வினை. எல்லாத்தையும் ஒரே இழுப்பறைல கோக்கணும். மூணு வினை. நெறைய வாக்கியம் வேணும். எழுதுங்க."

சீட்டக்கா எழுதினாள். முதல் சீட்டில், "அவன் அவளை அடித்தான்." மறுநாள் அது ஐயாவின் சிவப்புப் பென்சிலோடு திரும்பி வந்தது. "மொட்டையாக இருக்கிறது. எதைக் கொண்டு? எங்கே?" என்று ஓரத்தில் எழுதியிருந்தார். அவள் அந்தச் சிவப்பு எழுத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடத்தில் அதை அவளிடம் கேட்ட முதல் ஆள் அவர்தான்.

இரண்டாம் சீட்டு: "அவன் அவளை ட்யூப் பட்டையால் முதுகில் அடித்தான்." தேதி, அதற்கு முந்தைய சாயங்காலம் நடந்த அடியின் தேதி. ஐயா ஓரத்தில் "நன்று" என்று போட்டார்.

அவள் என்ன நினைத்து எழுதினாள் என்று யாராவது கேட்டால் நான் சொல்வேன். வாய்க்கு வராதது கைக்கு வந்தது. ஒருவர் படிக்கிறார், கவனமாகப் படிக்கிறார், ஒரு சொல் விடாமல் படிக்கிறார். இன்றில்லாவிட்டால் நாளைக்கு அவர் தலையை நிமிர்த்தித் தன்னைப் பார்ப்பார் என்று அவள் நம்பினாள். அது ஒன்றும் பேராசை இல்லை.

தொடர்ந்து நடந்ததைச் சொல்லும் இறந்தகாலத்துக்கு ஒரு சீட்டு வேண்டியிருந்தது. "அவன் அடித்துக்கொண்டே இருந்தான், வலது கை வலித்தபோது இடது கைக்கு மாற்றிக்கொண்டான்." ஓரத்தில், "தொடர்வினைக்கு இதைவிடத் தெளிவான சான்று இருக்க முடியாது." அன்றைக்கு அவளால் நாற்காலியில் சாய்ந்து உட்கார முடியவில்லை. முதுகுக்கும் நாற்காலிக்கும் நடுவே ஒரு சாண் இடம் விட்டு நாள் முழுக்க எழுதினாள்.

இன்னொரு நாள் "அவள் வாசலில் வைத்து அடி வாங்கினாள்" என்று எழுதினாள். ஐயா துள்ளிக் குதித்தே விட்டார். "அம்மா, அம்மா! அவங்களும் இப்படியேதான் சொல்வாங்க! அடிகளை வாங்கினான்னு! எப்படிம்மா ஒங்களுக்கு இது தோணிச்சு?" என்று அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிடித்தது வீங்கிப்போயிருந்த மணிக்கட்டை. வலியில் அவள் கண்ணில் நீர் தளும்பியது. மொழியின் அழகில் உருகிவிட்டாள் போலும் என்று அந்த மகானுபாவர் நினைத்துக்கொண்டார்.

அவள் அம்மா இறந்த வாரத்துச் சீட்டை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது. தன்னைத் தானே அடித்துக்கொள்ளும் பொருளில் அந்த வினைக்குத் தனி உருவம் உண்டு. துக்கத்தில் மார்பில் அடித்துக்கொள்வது. அவள் எழுதினாள்: "தாய் இறந்த செய்தி கேட்டு அவள் மார்பில் அடித்துக்கொண்டாள், சத்தம் போடாதே என்று அவன் அவளைத் தலையில் அடித்தான்." சிவப்புப் பென்சில் சொன்னது: "ஒரே சீட்டில் இரண்டு உருவம் கூடாது. பிரிக்கவும்." அவள் பிரித்து எழுதினாள். துக்கம் ஒரு சீட்டு, அடி ஒரு சீட்டு.

அதற்குப் பிறகு அவள் எதையும் எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் எழுதுவதை நிறுத்தவில்லை. பதினாறு மாதத்தில் நூற்று நாற்பத்தொரு சீட்டு சேர்ந்தது.

நூற்று நாற்பத்திரண்டாவது சீட்டில்தான் மகள் வருகிறாள். பதினோரு வயது. அதுவரை அடி நடக்கும்போது அவள் உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு இருப்பாள். இருக்கச் சொல்லி அம்மாவே பழக்கியிருந்தாள். அன்றைக்கு டயர்க்காரன் கடையிலிருந்து டயர் லிவரோடு வந்திருந்தான். டயரை ரிம்மிலிருந்து நெம்பி எடுக்கிற இரும்பு அது, முழங்கை நீளம் இருக்கும். சாவி ஏன் ஆணியில் இல்லை என்று தொடங்கியது. லிவர் மேலே போனபோது உள்ளறைக் கதவு திறந்தது. "அப்பா, வேணாம்ப்பா!" என்று ஓடி வந்த மகள் அம்மாவுக்கு முன்னால் கையை நீட்டினாள். அவன் நிறுத்தியிருக்கலாம், நிறுத்த நேரமும் இருந்தது. இரண்டு விரல் எலும்பு ஒடிந்த சத்தம் சீட்டக்காவுக்குக் கேட்டது.

மருத்துவமனையில் மகளே முந்திக்கொண்டு சொன்னாள். "படிக்கட்டுல விழுந்துட்டேன்."

அந்த ஒரு சொல்தான் சீட்டக்காவை உலுக்கிவிட்டது. அடியைவிட அது பெரிதாக விழுந்தது. தான் சொல்லிக் கொடுக்காமலே பிள்ளை படித்துக்கொண்டுவிட்டது என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் சீட்டு எழுதினாள். "அவன் மகளை டயர் லிவரால் கைவிரல்களில் அடித்தான்." ஐயா மத்தியானமே பார்த்து, "நல்ல எடுத்துக்காட்டு" என்று ஓரத்தில் போட்டு அனுப்பினார். அந்தச் சீட்டையும் கோத்து, இழுப்பறை அன்றைக்கே அச்சுக்காகப் புரூஃபம்மாவின் மேசைக்குப் போனது. அவள் வேலை எழுத்துப் பிழை பார்ப்பது. முப்பதாவது சீட்டில் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, மீதியைப் பென்சில் இல்லாமல் படித்தாள். எழுந்து வந்து சீட்டக்காவுக்குப் பக்கத்தில் நின்றாள்.

"ஏம்மா சீட்டு, கடைசிச் சீட்டுல நேத்துத் தேதி போட்டிருக்கு."

"ஆமாக்கா."

"பாப்பா எங்க?"

"பள்ளிக்கூடத்துல. கையில கட்டு."

புரூஃபம்மா அவள் ரவிக்கைக் கையை மேலே ஏற்றிப் பார்த்தாள், இறக்கிவிட்டாள். "எந்திரி" என்றாள். இரண்டு பேரும் பள்ளிக்கூடத்துக்குப் போய் மகளை அழைத்துக்கொண்டு நேரே புரூஃபம்மா வீட்டுக்குப் போனார்கள். மாற்றுத் துணிகூட எடுக்கவில்லை.

டயர்க்காரன் நீதிமன்றத்துக்குப் போனான். மகளைத் தன்னிடம் ஒப்படைக்க வேண்டும், மனைவிக்குப் புத்தி சரியில்லை, தான் கை நீட்டியதே இல்லை என்று மனு. ஒரே ஒருமுறை, கோபத்தில், லேசாகத் தட்டியதாகவும் அதற்காக வருந்துவதாகவும் ஒரு வரி வேறு. தெருக்காரர்கள் ஐந்து பேர் தங்கமான மனிதன் என்று கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

சீட்டக்காவின் வக்கீலம்மா மருத்துவமனைக் காகிதங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தாள். "பதினோரு தடவையும் படிக்கட்டுன்னு நீயே சொல்லியிருக்கியேம்மா. இப்போ பாப்பாவும் படிக்கட்டுங்கிறா. நான் எந்த வாயால அடின்னு சொல்லுவேன்? இப்படியே போனா பிள்ளையை அவன்கிட்டதான் குடுப்பாங்க."

புரூஃபம்மா மறுநாள் இழுப்பறையைக் குழந்தையைத் தூக்குவதுபோல இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். சீட்டுத் தேதிகளையும் மருத்துவமனைத் தேதிகளையும் அடுத்தடுத்து வைத்தார்கள். சீட்டில் இடது காதுக்குக் கீழே அடித்தான் என்றால், அதே தேதியில் மருத்துவமனைக் காகிதத்தில் இடது காதுக்குக் கீழே காயம், படிக்கட்டு. பதினொன்றும் பொருந்தின. வக்கீலம்மா சீட்டுகளைப் படியெடுத்து நீதிமன்றத்தில் கொடுத்தாள். ஒரு படி எதிர்த்தரப்புக்கும் போனது. மூலச் சீட்டுகளை விசாரணையன்று கொண்டுவரச் சொல்லி உத்தரவானது.

ஐயாவிடம் விஷயத்தைப் புரூஃபம்மாதான் போட்டு உடைத்தாள். அவர் இழுப்பறையைத் தன் மேசைக்குக் கொண்டுவரச் சொல்லி மூன்று நாள் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தார். நூற்று நாற்பத்திரண்டு சீட்டிலும் அவருடைய சிவப்பு எழுத்து இருந்தது. சீட்டக்கா போனால் எழுந்து நின்றார், திரும்ப உட்கார்ந்தார்.

நான்காம் நாள் காலை பத்து மணிக்கு டயர்க்காரன் நாற்பத்திரண்டு படியும் ஏறி வந்தான். கையில் லிவர். "எங்கடி அந்தச் சீட்டெல்லாம்?" என்றான். முதலில் புரூஃபம்மா மேசையைக் கவிழ்த்தான். சுவரோரம் இருந்த இழுப்பறைகளில் கைக்கு வந்ததை எல்லாம் உருவித் தரையில் அடித்தான். முப்பத்தோரு வருடம் பொலபொலவென்று கொட்டியது. ஐயா தன் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். அந்த உடம்புக்குப் பின்னால் ஓர் இழுப்பறையை மறைக்க முடியாது, ஆனாலும் நின்றார்.

"தம்பி, இதைத் தொடாதே."

லிவர் அவருடைய முன்னங்கையில் இறங்கியது. கை பாதியில் மடிந்து தொங்கியது. அவர் "ஐயோ" என்றுகூடச் சொல்லவில்லை, நகரவும் இல்லை. இரண்டாவது அடி தோளில். அவர் மேசைமேல் சாய்ந்தார். டயர்க்காரன் அவருக்குப் பின்னால் கைவிட்டு இழுப்பறையை இழுத்துத் தரையில் எறிந்தான். பலகை பிளந்து, கம்பி கழன்று, சீட்டுகள் சிதறின. அவற்றைக் காலால் கூட்டிக் குவித்துத் தீப்பெட்டியை எடுத்தான். தீக்குச்சி உரச இரண்டு கையும் வேண்டும். லிவரைக் கக்கத்தில் இடுக்கினான்.

சீட்டக்கா தரையிலிருந்து இழுப்பறைக் கம்பியை எடுத்தாள். சுண்டுவிரல் தடிமன், ஒரு முழத்துக்குமேல் நீளம், கெட்டி இரும்பு. முதல் அடி மணிக்கட்டில். தீப்பெட்டி பறந்தது. அவன் லிவரை எடுக்கக் கையைத் தூக்கியபோது இரண்டாவது அடி முழங்கால் சில்லில். அவன் மரம் சாய்வதுபோல விழுந்தான், லிவர் உருண்டு மேசைக்கடியில் போனது. விழுந்தவன் இரண்டு கையையும் முகத்துக்கு முன்னால் தூக்கி, "வேணாம்டி, வேணாம்" என்றான்.

அது அவளுடைய சொல். பன்னிரண்டு வருடத்துக்கு மேல் அவள் சொல்லிச் சொல்லித் தேய்ந்த சொல். மூன்றாவது அடி அவன் வாயில் விழுந்தது. பல் தெறித்துச் சீட்டுகளின் மேல் விழுந்தது. நான்காவதுக்குக் கம்பி மேலே போனபோது புரூஃபம்மா பின்னாலிருந்து கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

போலீஸ்காரர்கள் வந்து அவனை அள்ளிக்கொண்டு போனார்கள். ஐயாவை மருத்துவமனைக்கு எடுத்துப் போனார்கள். ஐயா அங்கே படிக்கட்டு என்று சொல்லவில்லை. ஒரு கயவன் இரும்பால் அடித்தான் என்று நீண்ட வாக்கியமாகச் சொன்னார்.

சீட்டக்கா தரையில் உட்கார்ந்து சீட்டுகளைப் பொறுக்கி எண் வரிசைப்படி அடுக்கினாள். நூற்று நாற்பத்திரண்டும் இருந்தன. ரத்தம் பட்டவற்றைத் துடைத்தாள். பிறகு வெற்றுச் சீட்டு ஒன்றை எடுத்து, தேதி முத்திரை குத்தி, நூற்று நாற்பத்து மூன்று என்று எண் போட்டாள். "நான் அவனை இரும்புக் கம்பியால் மூன்று முறை அடித்தேன். மூன்றாவது அடி, அவன் விழுந்து 'வேண்டாம்' என்று சொன்ன பிறகு, வாயில்."

"அக்கா," என்றாள், தலை நிமிராமல். "மூணாவது அடி எனக்கு நல்லா இருந்துச்சுக்கா."

"இருக்கும்டி," என்றாள் புரூஃபம்மா. "இருக்காதா பின்ன."

வக்கீலம்மாவுக்கு அந்தச் சீட்டைப் பார்த்ததும் முகம் வெளுத்தது. "முதல் ரெண்டும் தற்காப்பு. மூணாவது அப்படி இல்ல. இதைக் கிழிச்சுப் போட்டுடு. ஒன் புருஷனோட வக்கீல் கையில இது கெடைச்சா, அடிக்கிற பொம்பளைன்னு சொல்லியே பிள்ளையைப் பறிச்சிடுவான்."

"எண் போட்டாச்சும்மா," என்றாள் சீட்டக்கா. "கிழிக்க முடியாது."

"அகராதி முக்கியமா, பொண்ணு முக்கியமா?"

"பொண்ணுதான். அவளுக்கு இனிமே படிக்கட்டு வேணாம்."

விசாரணை நாள். ஐயா கையில் கட்டோடு சாட்சிக் கூண்டில் ஏறினார். டயர்க்காரனின் வக்கீல் கெட்டிக்காரர், நேரே விஷயத்துக்கு வந்தார். "இதெல்லாம் அகராதிக்காகக் கற்பனை பண்ணி எழுதின வாக்கியம்தானே? ஒவ்வொண்ணையும் நீங்க படிச்சீங்களா?"

"படிச்சேன்."

"படிச்சுட்டு என்ன பண்ணினீங்க?"

"திருத்தினேன்."

"எதை?"

ஐயா "வாக்கியத்தை" என்றார்.

"அப்போ நெஜம்னு ஒங்களுக்கே தோணல, இல்லையா?"

"எனக்குத் தோணலங்க. தப்பு என்னோடது, வாக்கியத்தோடது இல்ல. நடக்காததைச் சொல்ற வாக்கியம் எப்பவும் மொட்டையா இருக்கும். முதல் சீட்டு மட்டும்தான் மொட்டையா இருந்துச்சு. எதைக் கொண்டு, எங்கேன்னு நான்தான் கேட்டேன். கேட்டுட்டு, பதில் வந்தப்போ நன்றுன்னு எழுதினேன்." கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டு அந்தக் கிழவர் எல்லார் முன்னாலும் அழுதார்.

வக்கீல் விடவில்லை. கடைசிச் சீட்டை உயர்த்திப் பிடித்து, கணீரென்ற குரலில் படித்தார். விழுந்து கிடந்தவனை, வேண்டாம் என்றவனை, வாயில் அடித்த இந்தப் பெண்ணிடமா ஒரு குழந்தை வளர வேண்டும் என்று கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான்.

நீதிபதியும் ஒரு பெண்மணிதான். சீட்டக்காவைப் பார்த்துக் கேட்டாள். "இதை யாரும்மா எழுதச் சொன்னது?"

"யாரும் சொல்லலைங்க. நடந்துச்சு, எழுதினேன்."

"ஒனக்கு இது பாதகம்னு தெரியாதா?"

"தெரியும்ங்க. எனக்குச் சாதகமானதை மட்டும் வெச்சுட்டு மத்ததைக் கிழிச்சா, மீதி நூத்து நாப்பத்திரண்டை நீங்க எதுக்கு நம்பணும்?"

நீதிபதி சீட்டுகளை மறுபடியும் வாங்கி, மருத்துவமனைக் காகிதங்களோடு ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாள். மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டியது, அவள் எழுந்திருக்கவில்லை. பிறகு மகளைத் தனியறைக்கு அழைத்தாள். படிக்கட்டு எங்கே இருக்கிறது என்று கேட்டாள். கேட்க ஒரு ஆள் கிடைத்ததும் மகள் எல்லாவற்றையும் சொன்னாள்.

மகள் தாயிடமே இருக்கலாம் என்று தீர்ப்பானது. ஐயாவை அடித்ததற்கும் மகள் விரலை ஒடித்ததற்கும் டயர்க்காரன் உள்ளே போனான். மூன்றாவது அடிக்காகச் சீட்டக்கா மீதும் வழக்கு நடந்தது. இனி எவர்மேலும் கை நீட்ட மாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு விட்டார்கள்.

அகராதி அறையில் வேலை மறுபடியும் தொடங்கியது. கொட்டியதை எல்லாம் கோக்கவே ஒரு வருடம் ஆகும் என்றார்கள். ஐயாவிடம் ஒரு புதுப் பழக்கம் வந்திருந்தது. சீட்டு எதுவாக இருந்தாலும், பென்சிலை எடுப்பதற்கு முன்னால் சீட்டக்காவை அழைத்து, "இது நடந்ததாம்மா?" என்று கேட்பார். "குதிரை சேற்றில் வழுக்கியது" என்பதற்கும் கேட்பார். "இல்லய்யா, சும்மா எழுதினது" என்று அவள் சொன்னால்தான் திருத்துவார். துப்தோ இழுப்பறையை மட்டும் மாற்ற வேண்டாம், அப்படியே அச்சாகட்டும் என்று அவள் சொல்லிவிட்டாள்.

எட்டு மாதம் போனது. புரூஃபம்மா வீட்டுக்கு அடுத்த வீட்டிலேயே ஓர் அறை பிடித்திருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கணக்குப் பாடத்தில் பூஜ்யம் வாங்கியதை மகள் மறைத்துவிட்டாள். கேட்டதற்கு எதிர்த்துப் பேசினாள், அப்பாவின் அதே குரலில் "ஒனக்கென்ன தெரியும்?" என்றாள். சீட்டக்காவின் கை எப்போது போனது என்று அவளுக்கே தெரியாது. பளார் என்று விழுந்தது. மகள் தலை பக்கவாட்டில் திரும்பிச் சுவரில் இடித்தது.

மகள் அழவில்லை. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அலமாரிக்குப் போனாள். அம்மா வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த வெற்றுச் சீட்டுக் கட்டிலிருந்து ஒன்றை உருவினாள். ஒடிந்து சேர்ந்த விரல்கள் இன்னும் சரியாக மடங்கவில்லை, பேனாவைக் கோணலாகப் பிடித்து எழுதினாள். வலது மூலையில் தேதி. "அம்மா என்னைக் கையால் கன்னத்தில் அடித்தாள்." எழுதியதை அம்மா முன்னால் வைத்துவிட்டுப் போய்ச் சன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள்.

சீட்டக்கா அதைப் படித்தாள். அவள் எழுதிய சீட்டுகளைவிடத் தெளிவாக இருந்தது. எதைக் கொண்டு, எங்கே, எல்லாம் இருந்தது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அப்புறம் எழுந்து போய், கொஞ்ச தூரம் தள்ளியே நின்று, "இது நடந்துச்சு பாப்பா. தப்பு என்னோடது" என்றாள். மகள் சன்னலோரத்தில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டு உட்கார்ந்தாள்.

மறுநாள் காலை அலுவலகத்தில் அந்தச் சீட்டுக்கு நூற்று நாற்பத்து நான்கு என்று எண் போட்டு, அவளே ஐயாவின் மேசையில் கொண்டுபோய் வைத்தாள். குழந்தைக் கையெழுத்தைப் பார்த்து ஐயா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். படித்தார். வெகுநேரம் கழித்து நிமிர்ந்தார்.

"இது நடந்ததாம்மா?"

"நடந்ததுய்யா."

ஐயா சிவப்புப் பென்சிலை எடுத்து மேசை டிராயருக்குள் போட்டு மூடினார். சீட்டக்கா துப்தோ இழுப்பறையை வெளியே இழுத்து, கம்பியைக் கழற்றி, அந்தச் சீட்டைக் கடைசியில் கோத்தாள்.